கேட்டைப் பூட்ட மறந்தவர் கடன்காரர் ஆகிவிட மாட்டார்

நான்கு குடித்தனம் இருக்கும் ஒரு வாடகைக் காம்பவுண்டில் ஏதாவது திருட்டுப் போனால், திருடனைப் பற்றிய பேச்சு அன்று மதியத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பேசப்படுவதெல்லாம் ஒன்றுதான்: பணத்தை யாரிடம் வாங்குவது? கடைசியாக உள்ளே வந்தது யார், கேட்டைச் சாத்தியது யார், புதிதாகக் குடிவந்தது யார் என்று விசாரணை நடக்கும். முடிவில் ஒரு குடும்பத்தின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். இது அநியாயம் என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சென்னையில் குடியிருக்கும் காம்பவுண்டில் கீழே இரண்டு வீடு, மாடியில் இரண்டு வீடு. வீட்டுக்காரர் வேறு பகுதியில் இருக்கிறார். பொது கேட்டின் தாழ்ப்பாள் வளைந்து பல மாதங்கள் ஆகின்றன. அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு கையால் கேட்டை இழுத்து, மறு கையால் பூட்டை மாட்ட வேண்டும். மாடிப்படி விளக்கு எரிவதில்லை. கீழ்வீட்டு நண்பரின் மோட்டார் சைக்கிள் ஓர் இரவில் காணாமல் போனது. மாடிவீட்டு அக்காவின் மூத்த மகன் உணவு விநியோக வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் வந்தவன், கேட்டை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருக்கிறான். அதை அவனே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதுதான் அவனுக்கு வினையாக முடிந்தது.

மறுநாள் மாலை எல்லோரும் கூடினார்கள். வண்டியின் விலையில் பாதியை மாடிவீடு கொடுக்க வேண்டும் என்று முடிவானது. நான் எதிர்த்துப் பேசினேன், எடுபடவில்லை. வீட்டுக்காரர் தொலைபேசியிலேயே, "தராவிட்டால் அட்வான்சில் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த அக்கா இப்போது மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். "தம்பி, இந்த வீட்டை விட்டால் சின்னவளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும். கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன், விடுங்கள்" என்றார். என்னால் விட முடியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அண்டை வீட்டாரின் பொருளுக்கு நாம் எப்போது பொறுப்பாகிறோம்? அதை அவர் நம் கையில் ஒப்படைத்து, நாமும் வாங்கிக்கொண்டபோது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒருவர் தம் பொருளை இன்னொருவரிடம் ஒரு நோக்கத்துக்காக ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவர் அதைச் சாதாரண விவேகமுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 151-ஆம் பிரிவு. அவ்வளவு கவனம் எடுத்தும் பொருள் போய்விட்டால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல என்கிறது 152-ஆம் பிரிவு. டெல்லியில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998-இல் திருடுபோனது. அந்த வழக்கில் விடுதிதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அங்கே சாவி கை மாறியது, காரும் விடுதியின் பொறுப்புக்குள் போனது.

எங்கள் காம்பவுண்டில் கீழ்வீட்டு நண்பர் தம் வண்டிச் சாவியை மாடிவீட்டில் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் இல்லை. பொது முற்றத்தில் தாமே நிறுத்தி, தாமே பூட்டிவிட்டுப் போனார். கேட்டைப் பூட்டாமல் விட்டது கவனக்குறைவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கவனக்குறைவுக்கு நஷ்ட ஈடு கேட்க வேண்டுமென்றால், அந்தப் பையனுக்கு அப்படி ஒரு கடமை இருந்தது, அதை அவன் மீறினான், அந்த மீறலால்தான் வண்டி போனது என்ற மூன்றையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இடுப்பளவுச் சுற்றுச்சுவர் உள்ள காம்பவுண்டில் ஆள் உள்ளே வர கேட் திறந்திருக்க வேண்டியதே இல்லை. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போகத்தான் கேட் வேண்டும். உள்ளே வந்த திருடனுக்கு அந்த வளைந்த தாழ்ப்பாளில் தொங்கும் சிறு பூட்டு எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்? இதைக் கூட்டத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, பேச்சு மட்டும் மாறியது.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது, அந்தப் பேச்சில் கரைந்துபோன நாட்கள். கூடிப் பேசி, பஞ்சாயத்து முடிந்து, இன்ஷூரன்சுக்கு எழுதும்போது கேட்பார்களே என்ற பிறகுதான் காவல் நிலையத்துக்குப் போனார்கள். வாகனத் திருட்டில் உடனடியாகப் புகார் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். திருடுபோன டிராக்டர் ஒன்றுக்கு, உரிமையாளர் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தர 52 நாள் தாமதித்துவிட்டார் என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. காரணம், அவர் காவல் நிலையத்தில் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்திருந்தார். நாம் அந்த முதல் சில மணி நேரத்தைத்தான் அண்டை வீட்டாரோடு மல்லுக்கட்டுவதில் தொலைக்கிறோம்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான ஒப்புகை மட்டும் கொடுத்து அனுப்புவது நமக்குப் பழகிய கதை. அந்த ரசீதோடு நின்றுவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகக் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அந்தப் புகாரில் கோபத்தில் பக்கத்து வீட்டுப் பையனின் பெயரைச் சந்தேக நபர் என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் காம்பவுண்டில் அதற்கும் யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். வண்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு பையன் விசாரணைக்கு நிலையத்துக்குப் போய்வந்தால் அந்தத் தெருவில் அவன் பெயர் அதோடு முடிந்தது.

இனி இன்ஷூரன்ஸ். கீழ்வீட்டு நண்பரிடம் காப்பீடு இருந்தது. ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. நம் வண்டி திருடுபோனால் பணம் தருவது சொந்தச் சேதத்துக்கான பகுதி. அது பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடுகிறது, நாமாகப் புதுப்பித்தால்தான் உண்டு. தாளில் ஐந்து வருடத் தேதியைப் பார்த்து ஏமாந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்றைக்கே உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். அந்தப் புதுப்பிப்பு விட்டுப்போனதால் வந்த ஓட்டையை அடைக்கத்தான் மாடிவீட்டு அக்காவின் சம்பளம் போகிறது. நண்பர் மீது எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. வண்டி போனால் அவர் பிழைப்பும் தடுமாறும் என்பது எனக்கும் தெரியும்.

வீட்டுக்காரரைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர் தாழ்ப்பாளைச் சரிசெய்யவில்லை, விளக்கைப் போடவில்லை, ஆனால் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருக்கு. கட்டுமானப் பழுது, சுவர்ப்பூச்சு, மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரருக்கு. நடைவழியிலும் மாடிப்படியிலும் விளக்கு என்பது அத்தியாவசிய வசதிகளில் ஒன்று, அதை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இல்லை. அவர் செய்ய வேண்டிய பழுதைச் செய்ய மறுத்தால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. பொது கேட் நான்கு குடித்தனத்தில் யாருடைய வாடகைப் பகுதியிலும் அடங்காது. அதைப் பூட்டக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டியவர் வீட்டுக்காரர் என்பதே என் உறுதியான கருத்து. அட்வான்ஸ் என்பது வாடகைப் பாக்கிக்கும் அவர் வீட்டுக்கு நாம் செய்த சேதத்துக்கும் ஈடாக இருக்கும் பணம். பக்கத்து வீட்டு வண்டிக்காக அதில் கைவைக்க அவர் யார்? அதே சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. அதைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டுக் குடியிருப்பதால்தான் ஒரு தொலைபேசி மிரட்டலுக்கே குடும்பங்கள் பணிந்துவிடுகின்றன.

இந்தக் கூட்டங்களில் நடக்கும் இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். எங்கள் முற்றத்தில் வண்டி போன காலையில் முதலில் கேள்வி கேட்கப்பட்டவர், மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மா. "நேற்று உன் மகன் உன்னை அழைத்துப் போக வந்தானே, எதற்கு?" என்று கேட்டார்கள். வேறொரு காம்பவுண்டில் ஒரு செயின் காணாமல் போனபோது, பின்கட்டு அறையில் தங்கியிருந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பைகளை முற்றத்தில் கொட்டிச் சோதித்ததை நான் பார்த்திருக்கிறேன். செயின் பின்னால் மெத்தைக்கு அடியில் கிடைத்தது. அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவருடைய பையைச் சோதிக்க அண்டை வீட்டாருக்கு எந்த அதிகாரமும் இல்லை. எதிர்த்துப் பேச முடியாதவரைப் பார்த்துத்தான் நம் சந்தேகம் போகிறது என்றால், அது பொருளைக் கண்டுபிடிப்பதற்கான சந்தேகமே அல்ல.

இதற்காக அண்டை வீட்டார் எதற்குமே பொறுப்பில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்து, "தண்ணீர் வந்தால் பிடித்து வையுங்கள்" என்று சொன்னோம், அவர்களும் சரி என்றார்கள். சாவியை ஜன்னல் திண்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுப் போய், அதை எடுத்து ஒருவன் வீட்டைத் துடைத்துக்கொண்டு போனான் என்றால், அங்கே கேள்வி கேட்க நியாயம் இருக்கிறது. பார்சல் விஷயத்திலும் அப்படியே. எதிர்வீட்டு அம்மா கையெழுத்துப் போட்டோ கடவு எண் சொல்லியோ பார்சலை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டால், தம் பொருளைப் போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பார்சலை வாசல் படியிலேயே விட்டுவிட்டு உறங்கப் போயிருந்தால் அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பார்சல் கொண்டுவந்த பையன் வாசலில் எறிந்துவிட்டு, "பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்" என்று பதிவு செய்துவிட்டுப் போன பொருளுக்கு அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போவதில் எந்த நியாயமும் இல்லை. அந்தக் கேள்வி விற்ற நிறுவனத்திடம் போக வேண்டும்.

"அப்படியானால் கேட்டைத் திறந்து போட்டுக்கொண்டே இருப்பவரை என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரவு இத்தனை மணிக்குக் கேட் பூட்டப்படும், அதன்பின் வருபவர் பூட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி உண்டு, பூட்டும் விளக்கும் வீட்டுக்காரர் செலவு என்று நான்கு வீடும் வீட்டுக்காரரும் கையெழுத்திட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது பற்றி எழுத மறக்காதவர்கள், கேட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினால் என்ன? அப்படி எழுதி, எல்லோருக்கும் தெரிந்து, அதன்பிறகும் ஒருவர் மீண்டும் மீண்டும் மீறினால் அவரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். எழுதாத விதியை, பொருள் போன மறுநாள் கண்டுபிடித்து ஒருவர் மேல் பாய்ச்சக் கூடாது.

கீழ்வீட்டு நண்பர் இதைப் படிப்பார். நேரிலும் இதையே சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். அக்காவிடம் இதுவரை வாங்கிய தவணையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாழ்ப்பாள் பற்றியும் விளக்கு பற்றியும் வீட்டுக்காரருக்கு நான்கு குடித்தனமும் சேர்ந்து எழுத்தில் ஒரு கடிதம் கொடுப்போம். கடிதத்தை நான் எழுதி வைத்துவிட்டேன், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.