ராபர்ட்ஸ் விட்டுப்போன இடம்

2025 செப்டம்பர் பிறந்துவிட்டது. ஹியூஸ்டனில் வெயில் இன்னும் இறங்கவில்லை, ஆனால் எங்கள் வட்டத்தில் கூடைப்பந்துப் பேச்சு சூடுபிடித்துவிட்டது. போன சனிக்கிழமை பக்கத்தில் சுகர்லாண்டில் நண்பர் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆறு பேர் இரண்டு மணி நேரம் ஒரே விஷயத்தைத்தான் பேசினோம்: வரும் 2025-26 சீசனில் ஹியூஸ்டன் பல்கலைக்கழக அணியில் முதலில் இறங்கும் ஐந்து பேர் யார்? கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எழுந்து போனோம், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

போன சீசன் எப்படி முடிந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2025 ஏப்ரல் 7, சான் அன்டோனியோ அலமோடோம் அரங்கு, கல்லூரி அணிகளின் தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். இரண்டாம் பாதியில் புளோரிடா பல்கலைக்கழகத்தைவிட 12 புள்ளி முன்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் 65-63 என்று பின்னால். கடைசி வாய்ப்பு நம் கையில். பந்து எமானுவேல் ஷார்ப்பிடம் வருகிறது. மூன்று புள்ளிக்கு எறிய எழும்பிவிட்டார். புளோரிடாவின் வால்டர் கிளேட்டன் பாய்ந்து வருவதைப் பார்த்ததும், எறிந்தால் தடுத்துவிடுவார் என்று தெரிந்து பந்தைக் கீழே விட்டார். எழும்பியவர் அதே பந்தோடு தரையிறங்கினால் டிராவல் என்ற விதிமீறல், பந்து எதிரணிக்குப் போய்விடும். கீழே விட்டதைத் தானே முதலில் தொட்டாலும் டிராவல். அதனால் பந்து தரையில் குதித்துக்கொண்டிருக்க, அதை எடுக்கவும் முடியாமல் அவர் நின்ற அந்த ஓரிரு நொடி இருக்கிறதே, அதை என்னால் இன்னும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. புளோரிடாக்காரர் ஒருவர் விழுந்து பந்தைப் பிடித்தார். கூடையை நோக்கி ஒரு எறிவுகூட இல்லாமல் முடிந்துபோனது.

சனிக்கிழமை நடந்த வாக்குவாதத்தில் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது இதுதான். பியர்லாண்டில் இருக்கும் தம்பி ஒருவர், நல்ல ரசிகர், ஒரு ஆட்டம் விடாதவர், "ஷார்ப்பை பெஞ்சுக்கு அனுப்பிட்டு ஹார்வெல்லை இறக்கணும் அண்ணா, அந்தக் கை மறுபடியும் நடுங்கும்" என்றார். ஹார்வெல் இந்த வருடம் சேரும் புதுப் பையன். நான் அதை ஏற்கவே மாட்டேன். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், அரையிறுதியில், டியூக் பல்கலைக்கழகத்திடம் 14 புள்ளி பின்தங்கிக் கிடந்தோம். கடைசி முப்பத்து சொச்சம் நொடியில்கூட ஆறு புள்ளி இடைவெளி. அப்போது மூன்று புள்ளி எறிந்து இடைவெளியை மூன்றாகக் குறைத்தது யார்? இதே ஷார்ப். அந்தக் கை அன்று நடுங்கியிருந்தால் 70-67 என்ற வெற்றியும் இல்லை, இறுதி ஆட்டமும் இல்லை. ஒரு பையனைக் கடைசியாகப் பார்த்த காட்சியை வைத்து மட்டும் எடைபோடுவது நியாயமில்லை.

சரி, அணிக்கு வருவோம். அணியை விட்டுப் போனவர்கள் பட்டியலில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் எல்.ஜே. க்ரையர். போன சீசனில் அணிக்காக அதிகப் புள்ளி எடுத்தவர், இறுதி ஆட்டத்தில் மட்டும் 19. அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லோருடைய கவலையும். எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. க்ரையரின் புள்ளிகளை நாலு பேர் பங்கு போட்டு எடுத்துவிடலாம். ஜேவான் ராபர்ட்ஸ் செய்த வேலையைப் பங்கு போட முடியாது. என் கவலை எல்லாம் அதில்தான்.

ராபர்ட்ஸ் இங்கே ஆறு வருடம் இருந்தார். 2019-ல் வந்து, முதல் வருடம் ஆடாமல் உட்கார்ந்து, பிறகு படிப்படியாக மேலே வந்தவர். உயரம் 6 அடி 8 அங்குலம், இந்தக் காலத்து உள்வட்ட ஆட்டக்காரருக்கு அது பெரிய உயரம் இல்லை. கோச் கெல்வின் சாம்ப்சனின் டிபன்ஸ் முறையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். எதிரணி ஸ்க்ரீன் வைத்து, அதாவது நம் ஆள் வழியில் ஒருவரைக் குறுக்கே நிறுத்தி, பந்துக்காரரை விடுவிக்கப் பார்க்கும்போது, நம் உயரமான ஆள் கூடைக்கு அடியில் காத்து நிற்க மாட்டார். மேலே ஏறிவந்து பந்துக்காரரை மறிப்பார், ஒரு நொடி கழித்துத் தன் ஆளிடம் ஓடிப்போவார். அந்த ஒரு நொடி கொஞ்சம் நீண்டால் பின்னால் ஆள் தனியாக நிற்பான், குறைந்தால் பந்துக்காரர் தப்பித்துவிடுவார். மற்ற நாலு பேரும் அந்த நேரக் கணக்கை நம்பித்தான் இடம் மாறுகிறார்கள். ராபர்ட்ஸுக்கு அது ஆறு வருடத்தில் உடம்போடு ஊறியிருந்தது. கூடவே மற்றவர்களுக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

டியூக் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை இன்னொரு முறை பாருங்கள். ஒரு புள்ளி பின்னால். தவறி வரும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்காக, நிற்கும் ராபர்ட்ஸ் மேல் கூப்பர் ஃப்ளாக் ஏறி ஃபவுல். ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி எறிவு, ஃப்ரீ த்ரோ, அவருக்குக் கைவந்த கலை இல்லை. ஆனாலும் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் இரண்டையும் போட்டார். அடுத்து, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று விருது வாங்கிய ஃப்ளாக் முன்னால் அதே ராபர்ட்ஸ் கையைத் தூக்கி நின்றார். எறிவு குறுகி விழுந்தது. வரும் மார்ச்சில் தேசியப் போட்டியில் இப்படி ஒரு நிலைமை வந்தால் அந்த இடத்தில் யார் நிற்பார்?

பக்கத்து ஊர் கேட்டியில் இருக்கும் அண்ணன் சொல்வது: கிறிஸ் செனாக் நிற்பார். நியூ ஆர்லியன்ஸ் பையன், 6 அடி 11 அங்குலம், நாட்டின் முதல் வரிசைப் பள்ளி வீரர்களில் ஒருவர். கூடவே சான் அன்டோனியோவிலிருந்து கிங்ஸ்டன் ஃப்ளெமிங்ஸ், ஐடஹோவைச் சேர்ந்த ஐசாயா ஹார்வெல். இப்படி மூன்று பேர் ஒரே வருடத்தில் ஹியூஸ்டனுக்கு வருவது சாம்ப்சன் காலத்தில் இதுவரை நடக்காதது. "முதல் நாளே மூணு பேரையும் இறக்கு, என்பிஏவுக்குப் போறதுக்குள்ள கோப்பையைத் தூக்கிடலாம்" என்பது அண்ணன் வாதம். அவர் உற்சாகம் எனக்குப் புரிகிறது. செனாக்கின் பள்ளி ஆட்டங்களை நானும் பார்த்தேன். அந்த உயரத்தில் அவ்வளவு லாவகமாக ஓடுகிறவரைப் பார்ப்பது அரிது.

ஆனால் அண்ணனுக்கு நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். அரையிறுதியில் நாம் தோற்கடித்த டியூக்கைப் பாருங்கள். ஃப்ளாக், நூப்பெல், மாலுவாச் என்று முதல் வருட மாணவர்கள் மூன்று பேர் தொடங்கிய அணி. ஜூனில், தொழில்முறை லீகான என்பிஏ புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அந்த மூவரும் 1, 4, 10-ஆவது ஆட்களாகப் போனார்கள். அந்த அளவு திறமை இருந்தும் கடைசி நிமிடத்தில் தடுமாறியது அவர்கள் பக்கம்தான். எதிரில் நின்றது நாலு வருடம், ஆறு வருடம் பழகிய நம் பையன்கள்.

அண்ணன் அப்போது நம் பழைய வீரர் ஜரேஸ் வாக்கரை இழுத்தார். நியாயமான உதாரணம். 2022-23-ல் வாக்கர் முதல் வருடத்திலேயே தொடங்கி ஆடினார், டிராஃப்டில் எட்டாவதாகப் போனார். சரிதான், ஆனால் அந்த வருடம் வாக்கருக்குப் பக்கத்தில் நின்று ஆடியது யார்? ராபர்ட்ஸ்! வாக்கர் தப்பு செய்தால் மூடிமறைக்க ஒருவர் இருந்தார். செனாக்குக்கு அப்படி யார் இருக்கிறார்?

ஜோசப் டக்ளர்தான் இருக்கிறார், அதனால் இந்த சீசன் முழுக்க அவர் கையில் என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பையன், சைப்ரஸ் ஃபால்ஸ் பள்ளியில் படித்தவர். கையை விரித்தால் ஏழடிக்கும் மேல். நம் அணி ஆடும் பிக் 12 என்ற கல்லூரிக் குழுவில் சிறந்த டிபன்ஸ் வீரர் என்ற விருது போன சீசனில் அவருக்குத்தான். டியூக் ஆட்டத்தில் இடைவெளியை ஒரு புள்ளியாக்கிய, தவறி வந்த பந்தை அப்படியே கூடைக்குள் திணித்த அந்த டிப் டங்க் அவருடையது. ஆனால் அதே ஆட்டத்தில் அதற்குச் சற்று முன்னால், பந்தை உள்ளே எறிய நின்ற டியூக் வீரரிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கியதும் அவர்தான். ஃபவுல்தான் அவருடைய பிரச்சினை. இரண்டு ஃபவுல் வாங்கி உட்கார்ந்துவிட்டால் இத்தனை நீளக் கையும் பெஞ்சில் மடங்கிக் கிடக்கும். போன வருடம் அப்படி உட்கார்ந்தால் ராபர்ட்ஸ் இருந்தார். இந்த வருடம் டக்ளரே ராபர்ட்ஸ் ஆக வேண்டும்: பேச வேண்டும், அடக்கி ஆட வேண்டும், முப்பது நிமிடம் களத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை, செனாக் நவம்பரில் பெஞ்சிலிருந்து வரட்டும். சாம் ஹியூஸ்டன் ஸ்டேட்டிலிருந்து வந்திருக்கும் கலிஃபா சாக்கோ டக்ளரோடு தொடங்கட்டும். சாக்கோவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அவரும் 6 அடி 11 அங்குலம், கல்லூரி ஆட்டத்தின் முரட்டுத்தனம் பழகியவர். ஜனவரியில் பிக் 12 ஆட்டங்கள் தொடங்கும்போது செனாக் அந்த ஒரு நொடிக் கணக்கைப் பிடித்திருந்தால் தாராளமாக மேலே ஏறட்டும். கன்சாஸ், டெக்சாஸ் டெக், அரிசோனா எல்லாம் அதற்குப் பிறகுதானே.

கார்டு இடங்களில், அதாவது வெளிவட்டத்தில் பந்தை நடத்துகிறவர்கள் விஷயத்தில், நிலைமை வேறு. அங்கே ஆள் பஞ்சமே இல்லை. மீலோஸ் யூசான் என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மே மாதம் திரும்பி வந்தாரே, அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம். போன சீசனில் பர்டியூ அணிக்கு எதிராகக் கடைசி ஓரிரு நொடியில், தானே பந்தை உள்ளே எறிந்து, டக்ளரிடமிருந்து திரும்ப வாங்கி, 62-60 என்று முடித்தவர். ஷார்ப் இருக்கிறார். மூன்றாவது ஆள்தான் கேள்வி: ஃப்ளெமிங்ஸா, ஹார்வெல்லா?

என் ஓட்டு ஃப்ளெமிங்ஸுக்கு. செனாக் விஷயத்தில் பொறுமை கேட்டுவிட்டு இங்கே முதல் வருடப் பையனுக்கு ஓட்டுப் போடுகிறேனே என்று கேட்பீர்கள். வெளிவட்டத்தில் ஒரு தப்பு நடந்தால் பின்னால் டக்ளர் இருக்கிறார். உள்ளே தப்பு நடந்தால் பின்னால் கூடைதான் இருக்கிறது. அப்புறம் இன்னொரு காரணம், யூசான் முழு நேரமும் பந்தைச் சுமந்தே களைத்துப்போகக் கூடாது. போன சீசனில் தூரத்திலிருந்து அவர் எறிந்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உள்ளே போனது. ஃப்ளெமிங்ஸ் பந்தை எடுத்துப் போனால் யூசான் எறிவதற்குத் தயாராக நிற்கலாம். ஹார்வெல் முழங்கால் காயத்திலிருந்து மீண்டவர், அவசரப்படுத்த வேண்டாம்.

கார்டுகள் இத்தனை பேர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன்: அப்போது நம் முக்கிய கார்டாக இருந்த ஜமால் ஷெட். 2024 மார்ச், டியூக்குக்கு எதிராக முதல் பாதியிலேயே கணுக்கால் பிசகி வெளியே போனார். 54-51, வீட்டுக்கு வந்தோம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் மார்கஸ் சாசரும் ட்ரமான் மார்க்கும் சீசன் பாதியில் காயம்பட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் இந்த அணியை உடைத்தது காயம். இந்த முறையாவது பெஞ்சில் ஆள் இருக்கிறார்கள்.

யூசானும் ஷார்ப்பும் டக்ளரும் திரும்பி வந்ததை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், ஒரு கல்லூரிக்கு வருடத்துக்கு 20.5 மில்லியன் டாலர் வரை. கல்லூரி மாற விரும்பும் வீரர்களுக்கான ட்ரான்ஸ்பர் போர்ட்டலில் பெயர் போட்டால் அடுத்த வாரமே வேறு ஊர். அப்படிப்பட்ட காலத்தில் இறுதி ஆட்டத்தில் தோற்ற பிறகும் மூன்று பேர் அதே சட்டையை மறுபடி போட்டுக்கொள்கிறார்கள்.

நான் 2012-ல் மேற்படிப்புக்கு இங்கே வந்தேன். திண்டுக்கல்லில் பள்ளியில் சிமெண்ட் தரையில் ஆடியவன் என்பதால் ஹாஃப்ஹைன்ஸ் அரங்குக்குப் போனேன். பாதிக்கு மேல் காலி. எல்வின் ஹேயஸ், ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் போன்ற ஜாம்பவான்கள் ஆடிய பல்கலைக்கழகம். 1968-ல் ஆஸ்ட்ரோடோமில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் யூசிஎல்ஏவை 71-69 என்று வென்ற பல்கலைக்கழகம். அங்கே நான் பாப்கார்ன் வாங்கப் போய்த் திரும்பினாலும் என் வரிசையில் யாரும் இருக்க மாட்டார்கள். 2014-ல் சாம்ப்சன் வந்தார். பயிற்சியில் கூடையின் வாயை மூடிவிட்டு, எறியும் பந்தெல்லாம் வெளியே விழ, அதற்காகப் பையன்களை முட்டி மோத விடுவார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு விநோதமாக இருந்தது. இன்று அணியின் அரங்கான ஃபெர்டிட்டா சென்டரில் டிக்கெட் கிடைப்பதே கஷ்டம். 2025 அக்டோபரில் அவருக்கு 70 வயது. 1983-ல் என்சி ஸ்டேட்டிடம் 54-52, 1984-ல் ஜார்ஜ்டவுனிடம் 84-75, இப்போது புளோரிடாவிடம் 65-63. இறுதி வரை மூன்று முறை போயும் கோப்பை ஒன்றுகூட இல்லை. சாம்ப்சன் கையில் ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

2026 மார்ச்சில் தேசியப் போட்டியின் தெற்குப் பிரிவுக் கடைசி ஆட்டங்கள் நம் ஊர் டொயோட்டா சென்டரில்தான். பையன்கள் அதுவரை வந்துவிட்டால் நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிடுவேன். அங்கிருந்து அரையிறுதியும் இறுதி ஆட்டமும் நடக்கும் இண்டியானபோலிஸ்.

என் ஐவர்: யூசான், ஃப்ளெமிங்ஸ், ஷார்ப், டக்ளர், சாக்கோ. கேட்டி அண்ணன் சண்டைக்கு வரலாம், கமெண்டில் காத்திருக்கிறேன். பியர்லாண்ட் தம்பியிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். நவம்பரில் முதல் வீட்டு ஆட்டத்துக்கு நாம் சேர்ந்தே போவோம். விளக்கை அணைத்து ஒவ்வொரு பெயராக அறிவிப்பார்கள் அல்லவா, ஷார்ப் பெயர் வரும்போது எழுந்து நில்லுங்கள், நானும் நிற்கிறேன்.