வலை அடித்தால் கொலையா?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு என்னவெல்லாம் பதில் வந்தது என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அணில் கிழித்த ஸ்கூட்டர் சீட் ஒன்று, அது உள்ளே வராமல் இருக்கக் கொல்லைப்புறத்தில் அடித்த கம்பி வலை ஒன்று. இரண்டே படம். அதை ஒருவர் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, 'ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு ராமர் தடவிக்கொடுத்த அணிலுக்கு வலை விரிக்கிறார்' என்று எழுதியிருக்கிறார். 'அக்கா, உங்களுக்கு மனசே இல்லையா?' என்று அங்கே போய்க் கேட்டவர்களில் மூன்று பேர் என் வீட்டில் காபி குடித்தவர்கள்.

நான் வலை விரிக்கவில்லை. வலை அடித்திருக்கிறேன். விரிப்பது பிடிப்பதற்கு. அடிப்பது உள்ளே வராமல் இருப்பதற்கு. இந்த வித்தியாசம் புரியாமலா நூறு பேர் எழுதினீர்கள்?

சீட் இரண்டு முறை போனது. முதல் முறை 1,400 ரூபாய், அடுத்த முறை 1,600. சரி, தடியாக ஒரு கவர் வாங்கிப் போர்த்தலாம் என்று போர்த்தினேன். கவருக்குள் இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்ததால் அணில் அங்கேயே கூடு கட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் காலையில் கவரைத் தூக்கினால், சீட்டின் கிழிசல் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டாலும் ஃபோமைப் பிய்த்து உருட்டி, வாய் கொள்ளாமல் திணித்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அசையவில்லை. வால் மட்டும் விறைத்து நின்றது. அப்புறம் அந்த உருண்டையை விடாமல் கவ்விக்கொண்டு கொய்யா மரத்தில் ஏறிவிட்டது. அதே மாதம் ஸ்கூட்டரின் வயரையும் கடித்து வைத்தது. ஏசியின் வெளிப்பெட்டியிலிருந்து வரும் செம்புக் குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஃபோம், வாசல் தேங்காய்நார் மிதியடி, கொடியில் காய்ந்த அம்மாவின் சுங்குடிப் புடவையின் தலைப்பு, எதையும் விடவில்லை.

அணில் மேல் எனக்குக் கோபம் இல்லை. எலி போல அதுவும் கொறிக்கும் இனம். முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். குட்டிக்கு மெத்தை போட நாரும் நூலும் பஞ்சும் வேண்டும். அது அதன் வேலையைச் செய்கிறது. என் பொருளைக் காப்பாற்றுவது என் வேலை. இதில் கொடுமை எங்கே வந்தது?

'அணில் அப்படி என்ன பெரிதாகச் சேதம் செய்துவிடும்?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2021 ஜூனில் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னபோது தமிழ்நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அமெரிக்காவில் நாஸ்டாக் பங்குச் சந்தையே 1987-இலும் 1994-இலும் அணிலால் மின்சாரம் போய் நின்றிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கோகோ போட்டவர்களிடம் கேளுங்கள். பழுத்த காயை ஒரு வாரம் மரத்தில் விட்டால் அணில் ஓட்டை போட்டு உள்ளே காலி செய்துவிடும். சொட்டுநீர்க் குழாயைக் கடித்து வைப்பதும் இவர்தான். அந்த விவசாயியிடம் போய் ராமர் கதை சொல்வீர்களா?

அந்தக் கதை எனக்கும் தெரியும். தண்ணீரில் நனைந்து, மணலில் புரண்டு ஓடி, கடலை அடைக்கப் பார்த்த அந்த அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் உருகுகிறார். இதே ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த ஆழ்வார். என் அம்மா தினமும் சேவிக்கும் பாசுரம் அது. எனக்கு யாரும் பக்தி கற்றுத்தர வேண்டாம்.

எனக்கு ஒன்பது வயதில் பாட்டி வீட்டு ஓட்டுச் சாய்ப்பிலிருந்து அணில் குட்டி ஒன்று விழுந்தது. கண் திறக்கவில்லை, முடி இல்லை, சுண்டுவிரல் நீளம். இங்க் ஃபில்லரில் பால் விட்டேன். நாலாவது நாள் காலையில் பஞ்சுக்குள் சில்லென்று கிடந்தது. அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. 'மனசே இல்லையா' என்று கேட்டதால் சொல்கிறேன்.

இந்த வருடம் வலை அடிப்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் கூடு இருந்தது. என் சீட்டின் ஃபோம், மிதியடி நார், அம்மாவின் புடவை நூல் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் இரண்டு குட்டி. சித்திரை, வைகாசி முழுக்க அந்த ஃபேனைப் போடவில்லை. அந்த வெயிலில் அடுப்படியில் நின்று பாருங்கள், கருணை என்றால் என்னவென்று தெரியும். குட்டிகள் தாமே இறங்கி ஓடிய பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால். போன வருடம் முதலில் கட்டியது நைலான் வலை. அதைக் கடித்து நுழையப் பார்த்த ஓர் அணிலின் பின்னங்கால் கண்ணியில் சிக்கிக்கொண்டது. துண்டைப் போட்டு மூடி, கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக நறுக்கி விட்டேன். கை நடுங்கியது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அன்றே நைலானைக் கழற்றிவிட்டேன். இப்போது இருப்பது அரை அங்குலக் கண்ணி வைத்த கம்பி வலை. கால் மாட்டாது, கடிக்கவும் முடியாது.

இன்னொரு கூட்டம் உள்பெட்டியில் வந்து 'க்ளூ அட்டை வையுங்கள், மருந்து வையுங்கள்' என்கிறது. பசையில் ஒட்டிக்கொண்டு, இழுத்து இழுத்துத் தோல் உரிந்து, ஒரு ராத்திரி முழுக்கக் கத்திச் சாக வேண்டுமா ஓர் உயிர்? அவர்களுக்கும் இதே பதில்தான். அடைப்பது வேறு, கொல்வது வேறு. ஒரு பக்கம் பாவி என்கிறார்கள், ஒரு பக்கம் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்.

'பாச்சை உருண்டை போடலாமே, மிளகாய்த்தூள் தூவலாமே?' போட்டேன், தூவினேன். காற்றாடும் இடத்தில் வாசனை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மிளகாய்த்தூள் அம்மாவின் கண்ணில்தான் விழுந்தது.

'பொருள் போனால் போகட்டும், உயிர் பெரிது' என்று எழுதிய அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கிழிந்ததை யார் தைக்கிறார்கள்? கொடித்துணியை மறுபடி அலசுவது யார்? நீங்கள் விட்டுக்கொடுக்கச் சொல்வது யாருடைய நேரத்தை? வீட்டில் ஒரு வேலையும் தொடாமல் கருணை பேசுவது சுலபம். அம்மா அந்தப் புடவையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார், கட்டுவதில்லை. அப்பா கடைசியாக எடுத்துக் கொடுத்த புடவை அது. இதை எந்தக் கருத்துப் பெட்டியில் போய் எழுதுவேன்?

கொய்யா மரத்துக்கு வலை போடவில்லை, போடவும் மாட்டேன். மேல்கிளைப் பழங்களை நாங்கள் பறிப்பதே இல்லை. துணி துவைக்கும் கல்லின் மேல் தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறேன். படத்தில் இடது ஓரத்தில் அந்தக் கிண்ணம் இருக்கிறது. பகிர்ந்தவர் அதை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். முழுப் படத்தையும் போடுங்கள், போதும். வலையைக் கழற்ற மாட்டேன்.