புது லினக்ஸ், அதே பழைய தொல்லை
கணினியை இயக்கும் மென்பொருளாக எந்தப் புது லினக்ஸைப் போட்டாலும் எனக்குப் பெரும்பாலும் இதே கதைதான். திரை பளபளக்கிறது, மெனு சட்டென்று திறக்கிறது. சரி, தமிழில் ஒரு வரி தட்டலாம் என்றால்? விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற தட்டச்சு முறை இல்லை. பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, தமிழ்99-க்காக அதோடு சேர வேண்டிய எம்17என் பொதி இல்லை. கட்டளை தட்டும் டெர்மினலைத் திற, நிறுவு, லாகவுட் செய், மறுபடி உள்ளே வா, அப்புறம் தேடு. இவ்வளவுக்கும் பிறகு பிரவுசரில் தமிழ் வருகிறது, பிளாட்பேக் என்ற தனிப் பொதி வடிவில் வந்த எடிட்டரில் 'க' தட்டினால் அதே விசையின் ஆங்கில எச் விழுகிறது! 1999-லேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த விசைப்பலகை இந்தத் தமிழ்99. நிறுவும்போதே மொழி தமிழ் என்று சொன்னேனே, அதைக் கேட்டது எதற்கு? மெனுவைத் தமிழில் படித்தால் போதுமா, நாங்கள் எழுத வேண்டாமா?