ஒரு எண்தான் மாறியது, எடிட்டர் முழுக்கச் சிவப்புக் கோடு

டைப்ஸ்கிரிப்ட்டில் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையும் சேர்ந்த மொழி) எழுதிய என் புராஜெக்டில் ஒரு லைப்ரரியை 4ஆம் பதிப்பிலிருந்து 5க்கு ஏற்றினேன், அவ்வளவுதான். நேற்றுவரை ஓடிய இம்போர்ட் வரியைக் காட்டி, 'டிஃபால்ட் எக்ஸ்போர்ட் இல்லை', அதாவது பெயர் சொல்லாமல் எடுக்கும் முதன்மைப் பொருள் அதில் இல்லை, என்கிறது எடிட்டர். சரியென்று பெயரைச் சுருள் அடைப்புக்குள் போட்டேன். உடனே அடுத்தது: மாட்யூலையே காணோமாம், டைப் விவரமும் இல்லையாம். லைப்ரரிகள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் கண்ணெதிரே கிடக்கிறதே அய்யா!

அரை நாள் போன பிறகுதான் பிடிபட்டது. புதிய பதிப்பு தன் பாதைகளையும் டைப் கோப்புகளையும் பேக்கேஜ் ஜேசான் என்ற தன் விவரக் கோப்பின் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதிக்குள் மட்டும் வைத்திருக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் அதைப் படிக்க வேண்டுமென்றால் மாட்யூல் ரெசல்யூஷன் (மாட்யூலை எங்கே, எப்படித் தேடுவது என்ற செட்டிங்) 'நோட்16', 'பண்ட்லர்' மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். என் புராஜெக்டில் இருந்ததோ பழைய 'நோட்'. 'பண்ட்லர்' என்ற தேர்வே 2023இல், டைப்ஸ்கிரிப்ட் 5.0 பதிப்போடுதான் வந்தது. அதற்கு முன் எழுதியவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

கேட்டால் 'எனி போடு, டிஎஸ் இக்னோர் போடு' என்கிறார்கள்; முன்னது எந்த டைப்பையும் ஏற்கச் சொல்வது, பின்னது அடுத்த வரியின் பிழையைக் கண்டுகொள்ளாதே என்பது. பிழையை மறைக்கவா டைப் எழுதுகிறோம்? கோடு மறையும், ஓடும்போது உடையும்.

இந்த ஒரு செட்டிங்கை மாற்றச் சொல்லி ரிலீஸ் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். அங்கே இருந்தது 'உள் மேம்பாடுகள்' மட்டும்.