60 எஃப்பிஎஸ் பணக்காரன் சமாச்சாரம் இல்லீங்க

சனிக்கிழமை ராத்திரி நம்ம கேமிங் வாட்ஸாப் குரூப்ல நடந்தத பாத்தவங்களுக்கு கதை தெரியும். பாக்காதவங்க யாருகிட்டயாவது கேட்டுக்குங்க, மறுபடி முழுசா எழுத எனக்கு தெம்பு இல்ல. நான் போட்டோ போட்டது ஒரு கேம்ல பாஸ, அதாவது பெரிய வில்லன, அடிச்சு முடிச்ச சந்தோஷத்துல. நம்ம அண்ணன் செவப்பு வட்டம் போட்டது பாஸுக்கு இல்ல, என் டிவிக்கு. ஓரத்துல பாதி உரிஞ்சு போய் ஒட்டிக்கிட்டு இருக்கிற 'ஃபுல் எச்டி' ஸ்டிக்கர் வரைக்கும் ஜூம் பண்ணி, "இந்த டிவியில எந்த மோட் போட்டா என்ன தம்பி, 4கே இல்லாதவங்க பெர்பார்மன்ஸ் மோட் தான் ஒசத்தின்னு சொல்லிக்கணும், வேற வழி"ன்னு ஒரு வரி. அதுக்கு கீழ வரிசையா சிரிப்பு. சிரிச்சதுல பாதி பேரு என் வீட்டுல வந்து சாப்பிட்டவங்க.

சரி, சிரிச்சாச்சு இல்ல, இப்ப நான் பேசறேன். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: கன்சோல்ல பல கேம் ரெண்டு மோட் குடுக்கும். குவாலிட்டி மோட்னா படம் ரொம்ப தெளிவு (4கே), ஆனா பொதுவா செகண்டுக்கு 30 பிரேம், அதாவது 30 படம் தான், அது தான் 30 எஃப்பிஎஸ். பெர்பார்மன்ஸ் மோட்னா தெளிவு கொறையும், ஆனா செகண்டுக்கு 60 பிரேம், அசைவு வழுக்கிக்கிட்டு போவும்.

அண்ணன் கேலிக்கு சொன்னதுல ஒரு விஷயம் சரி, அது எப்படி சரின்னு அவருக்கு தான் வெளங்கல. குவாலிட்டி மோட்ல 4கே குடுத்தா அந்த லாபம் யாருக்கு? 4கே டிவி வச்சிருக்கவங்களுக்கு. 40 எஃப்பிஎஸ் மோட் குடுத்தா யாருக்கு? 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது செகண்டுக்கு 120 தடவ படத்த மாத்தற டிவி வச்சிருக்கவங்களுக்கு, ஏன்னா 120-ஐ மூணா வகுத்தா தான் 40 சரியா உக்காரும், 60 ஹெர்ட்ஸ்ல உக்காராது. விஆர்ஆர், அதாவது பிரேம் ஏறி எறங்கினா டிவியும் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கிற வசதி? அதுக்கும் அந்த வசதி உள்ள டிவி வேணும். ஆனா 60 எஃப்பிஎஸ்? என் டிவியில வரும், உங்க டிவியில வரும், என் அம்மா சீரியல் பாக்கிற டிவியிலயும் வரும். இன்னைக்கு கடையில கெடைக்கிற மலிவான டிவி கூட 60 ஹெர்ட்ஸ் காட்டும். கன்சோல் பெட்டி குடுக்கிற வசதியில எல்லாருக்கும் சமமா வந்து சேர்றது அந்த 60 ஒண்ணு தான். மத்ததெல்லாம் மேல காசு கட்டினவனுக்கு.

அப்ப ஒரு கேம் 30-ல மட்டும் வந்து, "4கே குடுக்கணும்ல, அதனால தான்"னு சொன்னா என்ன அர்த்தம்? நானும் அதே வெல குடுத்து வாங்கறேன், என் பங்கு உங்க டிவிக்கு போவுது. 2023-ல ஸ்டார்ஃபீல்ட்ங்கிற கேம் எக்ஸ்பாக்ஸ்ல 30-ல மட்டும் தான் வந்துச்சு, பெரிய மாடல் சீரிஸ் எக்ஸ்ல 4கே, மலிவு மாடல் சீரிஸ் எஸ்ல அதவிட கொறஞ்ச 1440பி. அப்புறம் 2024 மே மாசம் அப்டேட்ல சீரிஸ் எக்ஸுக்கு 60 குடுத்தாங்க. ஒன்னும் ஒலகம் கவுந்துடல.

கணக்கு தெரியாம பேசறேன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு, அதனால கணக்கும் சொல்லிடறேன். 4கே-ன்னா ஒரு பிரேமுக்கு 83 லட்சம் பிக்சல் (புள்ளி) கிட்ட. 1080பி, அதாவது என் ஃபுல் எச்டி, 21 லட்சம் கூட இல்ல. நாலு மடங்கு. 30 எஃப்பிஎஸ்ல ஒரு பிரேம வரைஞ்சு முடிக்க 33.3 மில்லிசெகண்ட் இருக்கு, 60-ல 16.7 தான். அந்த நேரத்துக்குள்ள எத்தன பிக்சல் வரைய முடியுமோ அத்தன தான், அதனால தான் ரெண்டுல ஒண்ண விட்டுக்குடுக்க வேண்டி வருது. இதுல எதுவும் ரகசியம் இல்ல. நான் கேக்கறது, விட்டுக்குடுக்கணும்னா கண்ணுக்கு தெரியாதத விட்டுக்குடுங்க லா.

கண்ணுக்கு தெரியாதுன்னு ஏன் சொல்றேன்னா, 65 இஞ்ச் 4கே டிவியில ஒரு பிக்சலோட அகலம் 0.4 மில்லிமீட்டர் கூட இல்ல. சோபா எங்க இருக்கு? 3 மீட்டர் தள்ளி. அந்த தூரத்துல நல்ல கண்ணு உள்ளவனுக்கே 0.9 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா தான் தனித்தனியா பிரிஞ்சு தெரியும். அப்ப நீங்க பாக்கறது 4கே இல்ல, 4கே-ன்னு பொட்டியில எழுதியிருக்கறத. அண்ணன் மட்டும் டிவிய மூக்கால தொட்டுக்கிட்டு விளையாடறாரு போல.

என் மச்சான் வீட்டு கதைய சொல்றேன். கோலாலம்பூர்ல வசதியானவங்க இருக்கிற மோண்ட் கியாராவுல கோண்டோ, ஹால்ல பெரிய ஓலெட் டிவி. தீபாவளிக்கு போனப்ப அக்கா மவன் ஹொரைசன் கேம் போட்டு உக்காந்திருந்தான், குவாலிட்டி மோட். நிக்க வச்சு பாத்தா, நான் ஒத்துக்கறேன், வாயடச்சு போச்சு, ஒவ்வொரு இலையும் தெரியுது. அப்புறம் அவன் கேமுக்குள்ள கேமராவ திருப்பினான். அவ்வளவு தான். ஓலெட்ல ஒவ்வொரு பிக்சலும் சட்டுனு மாறிடும், பழைய எல்சிடி மாதிரி இழுக்காது, அதனால 30 எஃப்பிஎஸ்ல கேமரா திரும்பும்போது அந்த தட்டுத் தட்டா வர்றது இன்னும் அப்பட்டமா தெரியும். ரொம்ப நேரம் பாத்தா தல வலிக்கும். நான் மெதுவா செட்டிங்ஸுக்கு போய் மாத்திவிட்டேன், பய ஒரு நிமிஷம் பேசல, அப்புறம் "மாமா, டிவி புதுசா மாறின மாதிரி இருக்கு"ன்னான். மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா? "ஏன் கலங்கலா ஆக்கிட்ட, அவ்வளவு காசு குடுத்து வாங்கினது எதுக்கு?" அவரு விளையாடல. அவரு கையில தட்டு இருந்துச்சு, முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தாரு.

இத தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், பாக்கறவனுக்கு ரெசொல்யூஷன் (எத்தன பிக்சல்), விளையாடறவனுக்கு பிரேம் ரேட் (செகண்டுக்கு எத்தன பிரேம்). ஸ்கிரீன்ஷாட்டுல 60 எஃப்பிஎஸ் தெரியாது. தெரியாததால அதுக்கு மதிப்பு இல்லன்னு ஆயிடுமா? பட்டன அமுக்கினதுக்கும் கத்தி தூக்கறதுக்கும் நடுவுல பல பிரேம் போவுது, ஒவ்வொரு பிரேமும் ரெட்டிப்பு நீளம்னா அந்த தாமதமும் சேந்து நீளும். பாஸோட கை எறங்கற நேரத்துக்கு சரியா தடுத்து பேரி பண்ணி பாருங்க, அப்ப தெரியும்.

"சினிமா 24 பிரேம் தானப்பா, யாரும் கொற சொல்லலையே"ன்னு ஒரு தம்பி. சினிமாவுல கேமரா ஷட்டர் தெறந்திருக்கிற நேரம் பூரா அசைவு பதிவாகி, இயற்கையாவே ஒரு மங்கல் வருது, அதனால கண்ணு ஏத்துக்குது. அதவிட முக்கியமா, சினிமா பாக்கும்போது ஹீரோவ நீங்க ஓட்டறதில்ல.

"டெவலப்பரோட கற்பனைய மதிக்கணும்"னு இன்னொருத்தர். மதிக்கறேன். ரேச்சட் அண்ட் கிளாங்க் கேம் செஞ்ச அதே இன்சோம்னியாக் கம்பெனி, ஸ்பைடர்மேன் 2-ல (2023) பெர்பார்மன்ஸ் மோட்லயும் ரே டிரேசிங், அதாவது வெளிச்சத்தையும் பிரதிபலிப்பையும் நெசம் மாதிரி காட்டற கனமான வேல, அதையும் வச்சு 60 குடுத்தாங்க. அவங்களுக்கும் கற்பன இருக்கு தான? 2007-ல கால் ஆஃப் டூட்டி 4 வந்தப்ப பிஎஸ்3-லயும் (பிளேஸ்டேஷன் 3) எக்ஸ்பாக்ஸ் 360-லயும் 1024க்கு 600 தான் ரெசொல்யூஷன், 720பி கூட கெடையாது, 60-க்காக. நம்ம பசங்க ராவும் பகலுமா விளையாடினோம். ஒருத்தன் வட்டம் போட்டானா? அதுக்கும் முன்னாடி, கோலாலம்பூர் செந்தூல்ல பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) அஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) சிடி வாங்கி பிஎஸ்1-ல டெக்கன் 3 அடிச்ச காலத்துல, பின்னால தெரியற காட்சிய தட்டையான படமா ஆக்கிட்டு சண்டைய 60-ல ஓட்டினாங்க. எங்க டிவி அப்ப மேல தட்டினா தான் கலர் வரும். பக்கத்து வீட்டு சீனப் பையன், மேல் மாடி மலாய்க்காரப் பையன் எல்லாம் எங்க வீட்டுல தான் கெடப்பானுங்க. அம்மா திட்டிக்கிட்டே மைலோ கலக்கி குடுப்பாங்க. டிவி என்ன பிராண்டுன்னு ஒருத்தனும் கேக்கல. இப்ப நாப்பது வயச தொடற ஆளுங்க, டிவி ஸ்டிக்கர ஜூம் பண்றானுங்க.

சரி, பெர்பார்மன்ஸ் மோட் எல்லாம் சுத்தமா இருக்கான்னா இல்ல. பைனல் பேன்டசி 16-ல அது 720பி வரைக்கும் எறங்கும். பைனல் பேன்டசி 7 ரீபர்த் வந்த புதுசுல கண்ணாடி தொடைக்க மறந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் சரிபண்ற அப்டேட் விட்டாங்க. அது செஞ்சவங்க தப்பு, 60-ஓட தப்பு இல்ல. அப்புறம் கேமோட கணக்க போடற சிபியூ சிப் பிரச்சன வேற, டிராகன்ஸ் டாக்மா 2 மாதிரி ஊருக்குள்ள அத்தன ஆளுங்கள ஓட்டற கேம்ல நீங்க ரெசொல்யூஷன கொறச்சாலும் 60 வராது, ஏன்னா முக்கறது படம் வரையற ஜிபியூ சிப் இல்ல. தெரியும். அத பத்தி நான் பேசல, வந்து கமெண்ட்ல பாடம் எடுக்காதீங்க.

மெதுவான கேம், நின்னு பேசிக்கிட்டே போற கேம், அதுக்கு 30 போதும்னா போதும். எனக்கு அதுல சண்டையே இல்ல. ஏதோ நான் மட்டும் கிறுக்கன் மாதிரி பேசறீங்க, ஆனா 2024-ல பிஎஸ்5 ப்ரோ அறிமுகம் பண்ணும்போது அந்த கன்சோல வடிவமைச்ச மார்க் செர்னியே சொன்னாரு, மோட் தேர்ந்தெடுக்க சொன்னா நாலுல மூணு தடவ ஜனங்க பெர்பார்மன்ஸ தான் எடுக்கறாங்கன்னு. அந்த நாலுல மூணு பேருக்கும் 4கே டிவி வாங்க வக்கில்லையா அண்ணே?

வக்குன்னு வந்துட்டதால சொல்றேன். எனக்கு 4கே டிவி வாங்க முடியாதுன்னு இல்ல. மாசா மாசம் கட்ற மாதிரி நாளைக்கே தூக்கிட்டு வரலாம், லோயாட் பிளாசா பக்கம் போனா கடை தவுக்கே (முதலாளி) கையப் புடிச்சு இழுப்பாரு. இந்த டிவி நல்லா ஓடுது, அப்பா கடைசியா வாங்கி வச்சது, கெடட்டும்னு வச்சிருக்கேன். இத நான் ஏன் விளக்கிக்கிட்டு இருக்கணும்? ஒரு மோட பத்தி பேச போய் வீட்டு வருமானம் வரைக்கும் வந்தாச்சு. வருமானத்த வச்சு பி40 (கீழ்த்தட்டு), எம்40 (நடுத்தட்டு)-ன்னு மலேசியா சர்க்கார் பிரிச்சது பத்தாதுன்னு இப்ப கேமர்லயும் பிரிக்கறோம். நல்ல சாமான் வச்சிருக்கறது தப்பில்ல, ஆனா அத வச்சு இவ்வளவு சோம்போங் (திமிரு) ஆவாது. குரூப்ல புதுசா வர்ற ஸ்கூல் பசங்க போட்டோ போடவே பயப்படறானுங்க. ஒரு பையன் எனக்கு தனியா மெசேஜ் பண்ணி, "அண்ணே, என்கிட்ட பிஎஸ்4 தான், போட்டா சிரிப்பாங்களா"ன்னு கேக்கறான். அவனுக்கு என்ன பதில் சொல்றது நான்?

கடைசியா வந்த புத்திமதி, "பேசாம பிஎஸ்5 ப்ரோ வாங்கிடு, தெளிவு, 60 ரெண்டும் கெடைக்கும்". அமெரிக்காவுல வந்தப்பவே 700 டாலர், டிஸ்க் டிரைவ் கூட உள்ள இல்ல, தனியா வாங்கி மாட்டணும். நான் டிஸ்க் ஆளு. ஒண்ண முடிச்சு வித்தா தான் அடுத்தது. அந்த பாஸ அடிச்சு முடிச்ச டிஸ்க் இப்ப விக்கறதுக்கு இருக்கு, கீறல் இல்ல, கவர் இருக்கு, வேணுங்கறவங்க பிஎம் பண்ணுங்க, செந்தூல் எல்ஆர்டி ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கலாம். குவாலிட்டி மோட் ஆளுங்களுக்கும் அதே வெல தான்.