விதை உளுந்தை விடிய விடிய ஊறப்போடாதீர்கள்

"உளுந்து, பாசிப்பயறை ராத்திரி முழுக்க ஊறவைத்து விதைத்தால் மகசூல் இரட்டிப்பு" என்று காரைக்குடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, விதையைக் கெடுக்கும்.

மாவாட்ட ஊறப்போட்ட உளுந்தைக் காலையில் கையில் எடுத்துப் பாருங்கள். லேசாகத் தேய்த்தாலே தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிளக்கிறது. தண்ணீரும் கொழகொழத்திருக்கும், விதையின் சத்து கரைந்து போனதற்கு அதுதான் அடையாளம். இப்படி உப்பிய விதையை ஈரமில்லாத செம்மண்ணில் போட்டால் காய்ந்தே போகும். மானாவாரிக் காட்டில் மறுவிதைப்புக்கு எங்கே போவது?

சரியான முறை விதைக் கடினப்படுத்துதல். உளுந்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிகிராம் துத்தநாக சல்பேட் கலந்த கரைசல், ஒரு கிலோ விதைக்கு சுமார் 350 மில்லி, 3 மணி நேரம் மட்டும் ஊறவேண்டும். அப்புறம் நிழலில் பழைய எடைக்கு உலர்த்த வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த உலர்த்தலைத்தான்! முளைப்பு சீராகும், இளஞ்செடி வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். மகசூல் இரட்டிப்பாகாது.

ரைசோபியத்தை (பயறு வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிர் உரம்) ஆறிய கஞ்சியில் கலந்து, விதைக்கும் அன்று பூசுங்கள். சந்தேகமிருந்தால் புதுக்கோட்டை அருகே வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, கேளுங்கள்.