90 நாளுக்கொரு கடவுச்சொல்

எங்கள் கல்லூரிக் கணினி 90 நாளுக்கொரு முறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வழிமறிக்கும்போதெல்லாம், இணையப் பாதுகாப்பு படிக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி என்று கேட்டு வாட்டினால் மனிதர் என்ன செய்வார்? பழைய சொல்லின் கடைசியிலுள்ள 1-ஐ 2 ஆக்குவார்; அதுவும் மறந்துவிடுமோ என்று அஞ்சி, மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டிவைப்பார். (எங்கள் ஆய்வகத்தில் அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.) கடவுச்சொல் களவு போனதற்கான தடயம் இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னால் போதும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே வழிகாட்டிவிட்டது; 2003-இல் பழைய விதிகளை எழுதிய பில் பர் என்பவரே அதற்காகப் பின்னர் வருந்தினார். இதையெல்லாம் தேர்வுக்குப் படிக்கச் சொல்லும் அதே துறைதான், "உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிறது" என்று இன்றும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.